ஒத்துக்காத உலோகம்: உடம்பின் சாட்சியமும் ‘அலர்ஜி’ என்கிற சொல்லும்

‘கவரிங் எனக்கு ஒத்துக்காது’ என்கிற வாக்கியத்தைக் கேட்காத வீடு நம் பக்கம் குறைவு. கவரிங் கம்மல் போட்ட சில நாளில் காது சிவந்து, அரித்து, நீர் கோத்துப் புண்ணாகிறது. கழற்றினால் ஆறுகிறது. மறுபடி போட்டால் இந்தத் தடவை ஒரு நாள், ரெண்டு நாளிலேயே வந்துவிடுகிறது. தங்கம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ‘ஆசைதான், வேற என்ன’ என்று கேலி பேசுகிற ஆண்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண் சொல்வதைக் கவனித்துக் கேட்டால் அதில் ஒரு நோயியல் முழுமையாக இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு பொருள், தாமதமாக எழும் வினை, இரண்டாம் முறை கூடுகிற வேகம், பொருளை நீக்கினால் தீர்வு. நிக்கல் ஒவ்வாமைக்குத் தோல் மருத்துவப் பாடநூல் தருகிற விவரணையும் இதேதான். பாடநூலுக்கு முன்பே காது சொல்லிவிட்டது.

கம்மலைக் கழற்றி வைத்துவிடலாம். இடுப்பெலும்புக்குள் அடித்து இறக்கிய உலோகத்தை என்ன செய்வது? காலில் பிளேட், தொடையில் ராடு, முழங்காலில் செயற்கை மூட்டு, இடுப்பில் பந்தும் கிண்ணமும் என்று உலோகத்தைச் சுமந்து நடக்கிற உடம்புகள் இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானோர் நன்றாகவே நடக்கிறார்கள். அதை மறுத்துப் பேசுவது இங்கே நோக்கமில்லை. ‘வைச்சதுலேர்ந்து ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்கிற சிறுபான்மை உடம்புகளுக்கு மருத்துவம் என்ன பதில் வைத்திருக்கிறது, அந்தப் பதிலில் ‘அலர்ஜி’ என்ற சொல் என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. அதற்கு முதலில் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும். அறிவியலை நிபுணர்களிடம் ஒப்படைத்துவிட்டு அதிகாரத்தைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருப்பது நிபுணர்களுக்கு வசதியான ஏற்பாடு.

1. முள்ளும் கம்மலும்

1882-ல் இத்தாலியின் மெசினாவில் ருஷ்ய விலங்கியலாளர் மெச்னிகோவ், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூடி நின்றன. முள் குத்தினால் சீழ் வைத்துத் தள்ளும் என்று நம் பாட்டிகள் அறிந்திருந்ததன் நுண்ணோக்கி வடிவம் இது. வெளியிலிருந்து வந்ததை விழுங்கப் பார்க்கிற இந்தச் செல்களைப் பெருந்தின்னிகள் எனலாம். முள்ளா, கண்ணாடிச் சில்லா, பிளாஸ்டிக் தூளா என்ற பேதம் அவற்றுக்கு அதிகம் இல்லை. நினைவும் அதிகம் இல்லை.

கம்மல் விஷயம் வேறு. அதற்கு நினைவு இருக்கிறது. முதல் தடவை தாமதமாகவும் அடுத்த தடவை விரைவாகவும் வருவது அதனால்தான். 1906-ல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபோன் பிர்கே இந்த மாதிரியான நிகழ்வுகளுக்கு ‘அலர்ஜி’ என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்களிலிருந்து அவர் செய்துகொண்ட அந்தச் சொல்லுக்கு ‘மாறிய வினை’ என்று பொருள். ஒரு பொருளோடு ஏற்பட்ட பழக்கத்தால் உடம்பின் எதிர்வினை மாறிப்போவது. அதாவது, அந்தச் சொல் பிறந்தபோது அது ஒரு உறவைக் குறித்தது. பொருளின் குணத்தை மட்டுமோ உடம்பின் குறையை மட்டுமோ அது குறிக்கவில்லை. பின்னால் இந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நிக்கல் கம்மல் வியர்வையில் நனைகிறது. உலோகத்திலிருந்து அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், கரைந்து தோலுக்குள் போகின்றன. ஓர் அயனி மிகமிகச் சிறியது. தடுப்பாற்றல் மண்டலத்தின் டி-செல்கள் அதைத் தனியாக அடையாளம் காண முடியாது. அவை படிக்கத் தெரிந்தது புரதத் துணுக்குகளை. அயனி போய் நம்முடைய சொந்தப் புரதம் ஒன்றில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் உருவம் கொஞ்சம் மாறுகிறது. தோலில் இருக்கும் காவல் செல்கள் மாறிய அந்தத் துணுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய் டி-செல்களிடம் காட்டுகின்றன. பொருந்துகிற டி-செல் பெருகுகிறது. அதில் ஒரு பகுதி நினைவுச் செல்லாகத் தங்கிவிடுகிறது. அடுத்த முறை அதே உலோகம் வந்தால் ஓரிரு நாளில் அந்தச் செல்கள் திரண்டு வருகின்றன. இப்படித் தானாக இல்லாமல், இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டால்தான் வினையைத் தூண்டும் சிறு பொருளை ஹாப்டன் என்பார்கள். இந்த வகை வினைக்கு, தாமத வகை அல்லது நான்காம் வகை மிகையுணர்வு என்று பெயர். நிக்கல், கோபால்ட், குரோமியம் மூன்றும் இதில் பேர்போனவை. கம்மல் போடும் பெண்ணுக்கு நிக்கல் என்றால், ஈரச் சிமெண்டில் கை வைக்கிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அதிலுள்ள குரோமேட். எந்த உலோகம் யாருடைய தோலைப் பழக்கப்படுத்துகிறது என்பதில் பாலினமும் வர்க்கமும் இருக்கின்றன.

2. மாற்றப்பட்ட சுயம்

சுயம் x மற்றமை என்ற இருமை நம் பத்திரிகைகளின் வாசகர்களுக்குப் பழகியது. தடுப்பாற்றல் இயலும் இதே இருமையின் மேல்தான் நீண்டகாலம் நின்றது. 1960-ல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரேலியரான மாக்ஃபர்லேன் பர்னெட் முன்வைத்த சட்டகம் அது: உடம்பு தன்னைத் தெரிந்துகொள்கிறது, தன்னல்லாததைத் தாக்குகிறது. பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் இது எல்லைக் காவல், ஊடுருவல், படை, உளவு என்ற மொழியாக மாறியதை டோனா ஹாரவே 1989-லும் எமிலி மார்ட்டின் 1994-லும் விமர்சித்தார்கள். தேச அரசின் கற்பனையை உடம்பின் மேல் ஏற்றிவிட்டு, பிறகு உடம்பைக் காட்டி ‘இதுதான் இயற்கை’ என்று தேச அரசை நியாயப்படுத்துகிற சுற்று அது. 1994-லேயே பாலி மாட்சிங்கர், உடம்பு கேட்பது ‘நீ அந்நியனா’ என்பதை அல்ல, ‘இங்கே சேதம் நடக்கிறதா’ என்பதை என்று வாதிட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை.

உலோக ஒவ்வாமை இந்த இருமையை உள்ளிருந்தே குலைக்கிறது. டி-செல் தாக்குவது உலோகத்தை அல்ல. உலோகம் ஒட்டிய தன் புரதத்தை. மற்றமை தொட்டு மாறிப்போன சுயத்தை. ‘அந்நியப் பொருளை உடம்பு நிராகரித்தது’ என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் உண்மை பாதிதான். மாற்று உறுப்பாக வைக்கப்பட்ட இன்னொருவர் சிறுநீரகம் நிராகரிக்கப்படுவது போன்றதல்ல இது.

இன்னொரு கண்டுபிடிப்பும் முக்கியமானது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புவதற்கென்று நம் செல்களில் டிஎல்ஆர்-4 என்றொரு ஏற்பி இருக்கிறது. பாக்டீரியா எதுவும் இல்லாமலே நிக்கல் அயனி இந்த ஏற்பியில் நேரடியாக ஒட்டி அதை முடுக்கிவிடும் என்று 2010-ல் ஜெர்மன் ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. கோபால்ட்டும் இதைச் செய்யும் என்று பிறகு தெரிந்தது. மனித ஏற்பியில் குறிப்பிட்ட இடங்களில் இருக்கும் ஹிஸ்டிடின் என்கிற அமினோ அமிலங்கள்தான் அயனி ஒட்டுவதற்கான பிடி. எலியின் ஏற்பியில் அந்த இடங்களில் அவை இல்லை. அதனால் எலிக்கு நிக்கல் ஒவ்வாமையை வரவழைப்பது கஷ்டம். எலியை மட்டும் நம்பியிருந்தால் நிக்கல் சாது என்றே முடிவு கட்டியிருக்கக் கூடும். சோதனைச் சாலையின் மௌனம் எப்போதும் பாதுகாப்பின் அத்தாட்சி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

3. உள்ளே வைத்த உலோகம்

இப்போது இடுப்புக்கு வருவோம். எலும்பு முறிவுக்கு வைக்கிற பிளேட்டும் ஸ்குரூவும் பெரும்பாலும் ஒருவகை எவர்சில்வர்தான். அதில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. செயற்கை மூட்டின் தேயும் பரப்புகளுக்குப் பரவலாகப் பயன்படுவது கோபால்ட்-குரோமியக் கலவை. அறுபது சதவீதத்துக்கு மேல் கோபால்ட், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குரோமியம். எலும்போடு ஒட்டி நிற்க வேண்டிய தண்டுக்கு டைட்டானியக் கலவை. இவற்றின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று தானே படிந்து உலோகம் கரையாமல் காக்கிறது. உப்பும் புரதமும் நிறைந்த உடம்பின் நீரில், நாள் முழுக்க உராயும்போது அந்தப் படலம் கிழிகிறது, மறுபடி படிகிறது, மறுபடி கிழிகிறது. ஒவ்வொரு கிழிசலிலும் கொஞ்சம் அயனி, கொஞ்சம் தூள். உள்ளே வைத்த எந்த உலோகமும் முழுக்க அசையாத ஜடம் இல்லை.

நவீன இடுப்பு மாற்றின் தந்தை எனப்படும் ஆங்கிலேயர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். சில வருஷங்களில் அது தேய்ந்து, தூள் சேர்ந்து, எலும்பைச் சுற்றிக் கட்டிகள் வந்தன. தூளின் விளைவை அறிய சார்ன்லி டெஃப்லானைத் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு பார்த்தார். பிறகு 1962-லிருந்து உலோகப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம் என்ற இணைக்கு வந்தார். இன்றும் பெருவழக்கில் இருப்பது இதன் வளர்ச்சிதான். இதிலும் பிளாஸ்டிக் தூள் விழும். பெருந்தின்னிகள் அதை விழுங்கும், செரிக்க முடியாமல் அழற்சிப் பொருட்களைச் சுரக்கும், நாளடைவில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு ஆடும்.

இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கத்தான் உலோகத்தின் மேல் உலோகம் என்ற பழைய யோசனை 1990-களில் மறுபிறவி எடுத்தது. இளவயது நோயாளிகள், ஓடியாடுகிறவர்கள், பல பத்தாண்டு தாங்க வேண்டும் என்பது வாதம். தேய்கிற கனஅளவு குறைவு என்பதும் உண்மை. ஆனால் துகள் மிக நுண்ணியது, மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு. எண்ணிக்கையில் பிளாஸ்டிக் துகளைவிடப் பல மடங்கு. பிளாஸ்டிக் துகள் போலன்றி இது கரைகிறது, இரத்தத்தில் சேர்கிறது, சிறுநீரில் வருகிறது. 

இங்கே நாம் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். ‘உள்ளே வைச்சது ஒத்துக்கலை’ என்ற ஒரே பேச்சுக்குப் பின்னால் குறைந்தது நாலு வேறு விஷயங்கள் இருக்கலாம்.

ஒன்று, உண்மையான ஒவ்வாமை: டி-செல், நினைவு, குறிப்பிட்ட உலோகம். தோலில் படை தோன்றலாம்; மூட்டைச் சுற்றி வலியும் வீக்கமும் வரலாம். இரண்டு, துகளுக்கு எதிரான பெருந்தின்னிகளின் அழற்சி: இதற்கு ஒவ்வாமை வாகு தேவையில்லை, துகள் போதுமான அளவு சேர்ந்தால் யாருக்கும் வரும். மூன்று, நஞ்சு: கோபால்ட் அளவு மீறினால் இதயத் தசை, செவி நரம்பு, கண், தைராய்டு பாதிக்கும். 1965-66-ல் கனடாவின் கியூபெக்கில் நுரை நிற்பதற்காகப் பீரில் கோபால்ட் உப்பு கலந்தார்கள். நிறையக் குடித்தவர்களுக்கு இதயத் தசை நோய் வந்து இருபது பேரளவில் இறந்தார்கள். நான்கு, தடுப்பாற்றலோடு நேரடிச் சம்பந்தமில்லாதவை: கிருமித் தொற்று, தளர்வு, கோணம் தவறிய பொருத்தம். முதலில் விலக்க வேண்டியது தொற்றுதான்.

இந்த நாலும் ஒரே இடுப்பில் கலந்தும் வரும். 2005-ல் ஜெர்மனியின் வில்லெர்ட்டும் கூட்டாளிகளும், உலோகம்-உலோக மூட்டு தோற்றவர்களின் திசுவில் இரத்தக் குழாய்களைச் சுற்றி நிணநீர்ச் செல்கள் அடர்ந்து நிற்பதை விவரித்தார்கள். வெறும் துகள் அழற்சியில் காண்பது அல்ல அது. நினைவுள்ள வினையின் சாயல். 2008-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு, இத்தகைய மூட்டைச் சுற்றி வளர்ந்த, புற்றும் இல்லாத தொற்றும் இல்லாத திரட்சிகளைப் பொய்க்கட்டி என்று பெயரிட்டு அறிவித்தது. அவர்கள் விவரித்த 17 நோயாளிகளும் பெண்கள்.

4. ஒரு கிண்ணத்தின் கதை

ஜான்சன் & ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு 2003-ல் சந்தைக்கு வந்தது. கிண்ணத்தை ஆழம் குறைத்து வடிவமைத்திருந்தார்கள். கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாகப் பொருந்திவிட்டால் பந்து விளிம்பில் அழுந்தி, உலோகம் கன்னாபின்னாவென்று தேயும். பந்தின் அளவு சிறியதானால் ஆபத்து கூடும். சிறிய பந்து யாருக்கு வைக்கப்படும்? பெரும்பாலும் பெண்களுக்கு. அமெரிக்காவில் 2005-ல், ஏற்கெனவே சந்தையில் இருப்பதற்குச் ‘சாராம்சத்தில் சமம்’ என்ற வழியில், மனிதர்களிடம் தனியாகச் சோதிக்காமலே இதன் ஒரு வடிவம் அனுமதி பெற்றது.

இது தவறான சாமான் என்று முதலில் சொன்னது எந்தச் சோதனைச் சாலையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1999-ல் தொடங்கப்பட்ட தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடு. எந்த மூட்டு, எந்தத் தொகுதி எண், யாருக்கு, எப்போது, மறு அறுவை ஆனதா என்று மட்டும் எழுதி வைக்கிற கணக்கு. மற்ற மூட்டுகளைவிட இது அதிகம் தோற்கிறது என்று 2007-லிருந்து அந்தக் கணக்கு காட்டியது. 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. இங்கிலாந்து-வேல்ஸ் பதிவேட்டின்படி ஐந்தே ஆண்டில் மறு அறுவை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். ஐந்து ஆண்டில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் தோற்கலாம் என்று நிறுவனமே 2011-ல் உள்ளுக்குள் மதிப்பிட்டிருந்தது 2013-ல் அமெரிக்க வழக்கு ஒன்றில் வெளியே வந்தது.

இந்தக் கதையில் ஒரு மருத்துவரின் உடம்பும் உண்டு. அலாஸ்காவின் எலும்பு அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் டவர் தன் இடுப்பில் ஏ.எஸ்.ஆர். வைத்துக்கொண்டவர். காது இரைச்சல், கேள்விக் குறைவு, படபடப்பு, எரிச்சல், களைப்பு என்று வந்தது. இரத்தத்தில் கோபால்ட் ஏறியிருப்பதை அளந்து, மூட்டை மாற்றிக்கொண்டு, 2010-ல் தன்னையே ஒரு நோயாளிக் குறிப்பாக எழுதினார். இதே குறைகளை ஒரு இல்லத்தரசி சொல்லியிருந்தால் எந்தப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

5. ‘உங்க உடம்புவாகு அப்படி’

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஒரு மூட்டு தோற்கிறபோது ‘அலர்ஜி’ என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கிறது? பிர்கே உறவைக் குறிக்க உண்டாக்கிய சொல், உறவின் ஒரு பக்கத்தை மட்டும் சுட்டுகிறது. ‘சாமான் நல்ல சாமான்தான், உங்க உடம்புவாகு அப்படி.’ கிண்ணத்தின் ஆழமும் அனுமதித்த சட்டமும் விற்ற கணக்கும் மறைந்து, ஒரு தனி உடம்பின் விசேஷ குணம் மட்டும் மிஞ்சுகிறது. லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது, யார் என்ன செய்ய முடியும்?

மறுபக்கம் இன்னும் மோசம். நோயாளியே ‘எனக்கு அலர்ஜியோ’ என்று கேட்டால் முதுகில் மருந்து ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் செய்கிறார்கள். ‘நெகடிவ். எக்ஸ்ரேயும் நல்லா இருக்கு. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.’ மேலே போட்ட பட்டியலில் முதலாவது இல்லை என்று சொல்வதற்குக்கூடப் போதாத சோதனையை வைத்து, நாலுமே இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். தோலில் நடப்பதும் மூட்டின் ஆழத்தில் நடப்பதும் ஒன்றல்ல. பேட்ச் டெஸ்ட் பாசிடிவ் ஆன ஏராளமானோரின் மூட்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கின்றன. நெகடிவ் ஆனவர்களுக்குப் பொய்க்கட்டி வந்திருக்கிறது. இரத்தத்தின் டி-செல்களை உலோகத்தோடு சேர்த்துப் பார்க்கும் சோதனையும் தனித்து நின்று தீர்ப்பளிக்காது.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்த நிச்சயமின்மையைப் பயன்படுத்தி, அறுவைக்கு முன் எல்லோருக்கும் ‘அலர்ஜி டெஸ்ட்’, பிறகு கூடுதல் விலையில் ‘அலர்ஜி இல்லாத’ மூட்டு என்று விற்பதற்கும் ஒரு சந்தை இருக்கிறது. அனைவருக்கும் முன்கூட்டிச் சோதிப்பதால் பயன் உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கவரிங்கோ வாட்ச் பட்டையோ கடுமையாகப் புண்ணாக்கிய அனுபவம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் பேசுவது வேறு; அது நியாயம். 

ஆக, உடம்பின் சாட்சியத்தை அலர்ஜி என்று ஏற்றாலும் அது தனிமனிதக் குறை. அலர்ஜி இல்லை என்று மறுத்தாலும் அது தனிமனிதப் பிரமை. ஃபூக்கோ 1963-ல் மருத்துவமனைப் பார்வை பற்றி எழுதியபோது, ‘உனக்கு என்ன’ என்ற கேள்வி ‘எங்கே வலிக்கிறது’ என்று மாறியதை நவீன மருத்துவத்தின் தொடக்கமாகக் கண்டார். உலோகம் சுமக்கும் உடம்பிடம் கேட்க வேண்டியது மூன்றாவது ஒரு கேள்வி: ‘இது வேறு யாருக்கெல்லாம் வைக்கப்பட்டது, அவர்களுக்கு என்ன ஆச்சு?’

பதிவேடு செய்வது இதைத்தான். அது யாரையும் நம்பவும் வேண்டியதில்லை, சந்தேகிக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வாமையா, துகளா, நஞ்சா என்று காரணம் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே சாமான் பல உடம்புகளில் தோற்கிறது என்று எண்ணிக் காட்டினால் போதும். ‘உடம்புவாகு’ என்ற பதில் அங்கே செல்லாது. அதற்கும் எல்லை உண்டு. மறு அறுவைக்குப் போனவர்தான் கணக்கில் வருவார். வலியோடு வீட்டில் கிடப்பவர், பணமில்லாமல் போகாதவர் வரமாட்டார். ஆனாலும் தனித்தனிப் புலம்பலைக் கூட்டுச் சாட்சியமாக்க இதைவிட நல்ல கருவி இதுவரை இல்லை. ஸ்வீடன் முழங்கால் மூட்டுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் இதைத் தொடங்கிவிட்டது.

6. காணாமல் போன உடம்புகள்

இந்தியாவில் என்ன ஆயிற்று? எலும்பு உள்வைப்புகள் 2005-ல்தான் சட்டப்படி ‘மருந்து’ என்ற வரையறைக்குள் வந்தன. ஏ.எஸ்.ஆர். 2006-ல் இறக்குமதி உரிமம் பெற்றது. ஆஸ்திரேலியாவில் நிறுத்தப்பட்ட பிறகும் இங்கே விற்பனை தொடர்ந்தது. சுமார் 4,700 அறுவைகள் நடந்தன. மகாராஷ்டிர உணவு-மருந்து நிர்வாகம்தான் முதலில் விழித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுத்தது. மத்திய அரசு உரிமத்தை ரத்து செய்தது 2012-ல். விசாரணைக் குழு அமைத்தது 2017-ல். குழுவின் அறிக்கை வெளியே வந்தது 2018 ஆகஸ்டில்.

அந்த அறிக்கையின் மையமான செய்தி நஷ்ட ஈட்டுத் தொகை அல்ல. உள்வைப்பு பெற்றவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பதுதான். கோபால்ட் கசிகிற ஒரு பொருளைத் தங்களுக்குள் சுமந்துகொண்டு, அது திரும்பப் பெறப்பட்டது என்பதே தெரியாமல், ‘வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும்’ என்று எண்ணிக்கொண்டு அவர்கள் இருந்திருப்பார்கள். சிலர் இறந்தும் இருப்பார்கள், வேறு காரணம் எழுதப்பட்டு. நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 8,000 பேருக்காக ஏறத்தாழ 250 கோடி டாலர் தர 2013 நவம்பரிலேயே ஒத்துக்கொண்டது. இந்தியாவில் குழு குறைந்தது 20 லட்சம் ரூபாய் என்றது. 2018 நவம்பரில் அரசு, வயதையும் ஊனத்தின் அளவையும் வைத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்று ஒரு சூத்திரம் அறிவித்தது. நிறுவனம் அதை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றம் போயிற்று. ஒரே உலோகம், ஒரே அயனி, ஒரே டி-செல். விலை மட்டும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. அதையும் பெறுவதற்கு முதலில் நீ யார் என்று ஒரு பதிவு இருக்க வேண்டும். ஒவ்வாமை நினைவின் நோய் என்று பார்த்தோம். உடம்பு நினைவில் வைத்திருப்பதை அரசு மறந்துபோகிறது.

நிலைமை ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் மருத்துவக் கருவிகளின் பாதிப்புகளைத் திரட்ட ஒரு தேசியத் திட்டம், காஜியாபாதில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தை மையமாக வைத்துத் தொடங்கப்பட்டது. 2018 ஜனவரி முதல் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. இடுப்பு-முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் அதில் எழுதுவதும் எழுதாததும் மருத்துவரின் விருப்பம். விருப்பப்பட்டவர் மட்டும் எழுதுகிற கணக்கில் தோல்விகள் எப்படிப் பதிவாகும் என்று சொல்லத் தேவையில்லை. உலோகம்-உலோக இடுப்பு இன்று ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது. அடுத்து வரப்போகிற ‘புதுமை’ எது என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

எனவே கோரிக்கை எளிமையானது. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல், காப்பீட்டுத் திட்டத்தில் நடப்பவை உட்பட, உடம்புக்குள் வைக்கப்படும் ஒவ்வொரு உலோகமும் கட்டாயப் பதிவேட்டில் வர வேண்டும். அதன் முடிவுகள், நிறுவனப் பெயரோடு, ஆண்டுதோறும் யாரும் படிக்கும்படி வெளியாக வேண்டும். தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் நோயாளி உரிமைக் குழுக்களும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது. அது வரும்வரை நம் அளவில் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு உள்வைப்புப் பொட்டலத்திலும் மாதிரி எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அறுவைக்குப் போகிறவர்கள் அதன் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் கழித்து ‘ஒத்துக்கலை’ என்று உடம்பு சொன்னால், எது என்று கேட்பவர்களிடம் எடுத்துக் காட்ட அந்தத் துண்டுக் காகிதமாவது இருக்கட்டும்.